கல்லங்குறிச்சி ரோட்டுச் சக்கை

ஜனவரி 18, 2025, சனி

பாப்பாவுக்குக் கீழே ரெண்டு பல்! ரெண்டும் இன்றைக்கே எட்டிப் பார்த்ததா, இல்லை ஒன்று நேற்றே வந்து நான்தான் கவனிக்கவில்லையா? நேற்று முழுக்க லேபில் இருந்தேன். தேவயானியிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். "அண்ணி, பல்லு என்ன பஸ்ஸா, வந்த டைம் எழுதி வைக்கிறதுக்கு?" என்கிறாள்.

தேவயானி இவருடைய தங்கை. பி.எட். முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கிறாள். அவள் இருப்பதால்தான் நான் பெரம்பலூருக்கு பஸ் ஏற முடிகிறது. "மார்ச் வரைக்கும்தான், சொல்லிட்டேன்" என்று தினம் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் பாப்பாவை வாங்குவாள். எனக்கும் மார்ச் வரைக்கும்தான். மார்ச் 14 கமிட்டி. வயிற்றில் இவள், கையில் இவள் என்று ஆராய்ச்சியில் ரெண்டு வருஷம் போய்விட்டது. மூன்று தடவை ஒரே மாதிரி ரிசல்ட் காட்டினால் ஒரு வருஷம் நீட்டிப்பார்கள். காட்டாவிட்டால் பதிவு ரத்து. சிவசுப்பிரமணியன் சார், என் கைடு, கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகச் சொன்னார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜனவரி 21, செவ்வாய்

கரி தயார்!

இவர் அரும்பாவூரில் மக்காச்சோளம் அடித்தபோது ஒரு மூட்டைச் சக்கை கொண்டுவந்தாரே, மணியெல்லாம் உதிர்ந்தபின் மிஞ்சுகிற நடுத்தண்டு, அதில் பாதியைக் கரியாக்கினேன். கரியை சல்ஃப்யூரிக் அமிலத்தில் சூடுபண்ணி, கழுவு கழுவென்று கழுவி, காயவைத்தேன். கன்னங்கரேலென்று ஒரு பொடி. பார்த்தால் அடுப்புக்கரி. ஆனால் ஒவ்வொரு துணுக்கிலும் அமிலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மீதிச் சக்கையை இந்தக் கரியை விட்டே கடிக்க வைக்கப் போகிறேன்.

தேவயானிக்கு விளக்கினேன். சாதா அமிலம் ஊற்றினால் காபியில் போட்ட சர்க்கரை மாதிரி, திரும்ப எடுக்க முடியாது. இது டீத்தூள் மாதிரி. வேலை முடிந்ததும் வடிகட்டி எடுத்து மறுபடி போடலாம்.

"ஒரே டீத்தூளை மறுபடி போடுறதா? இதுக்கா அண்ணி அஞ்சு வருசம் படிப்பு? எங்கம்மா தினம் அதைத்தான் பண்ணுது."

சிரித்துச் சிரித்து பாப்பா விழித்துக்கொண்டாள்.

ஜனவரி 24, வெள்ளி

சிவந்துவிட்டது!!

முதலில் இருந்து எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்கு எஃகு டப்பாவில் சக்கைப்பொடி, கரி, தண்ணீர். மூடி இறுக்கி 170 டிகிரி. இந்த டப்பா பிரஷர் குக்கருக்குப் பெரியப்பா, விசில் மட்டும் அடிக்காது. மூன்று மணி நேரம் கழித்துக் குளிரவைத்துத் திறந்தேன். தேன் நிறத் தண்ணீர். பாதாமும் ரொட்டியும் கலந்த ஒரு வாசம். அனிலின் தடவிய காகிதத்தில் ஒரு சொட்டு விட்டேன். வெள்ளை... வெள்ளை... அப்புறம் ஓரத்தில் ஒரு இளஞ்சிவப்பு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பரவிப் பரவி, செம்பருத்திச் சிவப்பு! ஃபர்ஃப்யூரல்! மருந்துக்கு, பிசினுக்கு, எரிபொருளுக்கு என்று எதற்கெல்லாமோ கேட்கிற சரக்கு, அடுப்பில் போட்டு எரிக்கிற சக்கைக்குள்ளிருந்து!

நான் குதித்ததில் ஸ்டூல் விழுந்தது. அட்டெண்டர் அரியமுத்து அண்ணன் குச்சியோடு ஓடி வந்தார். "எங்கம்மா பாம்பு?"

மெஷினில் அளந்தால் நூற்றுக்கு 61. வரக்கூடியதில் அறுபத்தொன்று வந்துவிட்டது. சாரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் முழங்கை வரைக்கும் நாலு தடவை சோப்புப் போட்டேன், உடுப்பு மாற்றினேன், அப்புறம்தான் பால் கொடுத்தேன். சாப்பிடத் தோன்றுகிற மாதிரி மணக்கும், உடம்புக்கு ஆகாது. அது ரொம்ப ஆபத்தான குணம். பாப்பா என் கழுத்தை மோந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்து அஞ்சாவது தடவையும் கழுவிவிட்டு வந்தேன்.

ஜனவரி 30, வியாழன்

60! ரெண்டாவது தடவை! அதே கரி, வடிகட்டிக் கழுவி மறுபடி போட்டது!

இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று. தேவயானி என் துப்பட்டாவை மோந்துவிட்டு, "பேக்கரிக்குப் போயிட்டு வெறுங்கையோட வர்ற ஒரே ஆளு நீங்கதான்" என்கிறாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து அம்மா தள்ளி உட்கார்ந்துகொண்டது.

பிப்ரவரி 4, செவ்வாய்

அரும்பாவூர்ச் சக்கை தீர்ந்துவிட்டது. இவரிடம் சொல்லியிருந்தேன். டிராக்டரில் கதிரடிக்கிற மெஷினை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவருக்குச் சக்கைக்கா பஞ்சம்? இந்த வாரம் அரியலூர் பக்கம், கல்லங்குறிச்சியில் வேலை. ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டார்.

"பாரு, நல்லாக் காஞ்சது. கையில எடுத்தா பஞ்சாட்டம் இருக்கு. உனக்குன்னு பொறுக்கி எடுத்தேன்."

இவருக்கு நான் என்ன செய்கிறேன் என்று முழுசாகப் புரியாது. ஆனால் "எம்பொண்டாட்டி சக்கையில சென்ட் எடுக்குது" என்று மெஷின் வேலை நடக்கிற இடத்திலெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். சென்ட் இல்லைங்க என்று பத்துத் தடவை சொல்லியாகிவிட்டது.

சக்கையை ஒருமுறை அலசலாமா என்று நினைத்தேன். அலசினால் மறுபடி காய ரெண்டு நாள். இவ்வளவு காய்ந்திருப்பதை எதற்கு நனைக்க வேண்டும்? அப்படியே அரைத்துவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

14.

பிப்ரவரி 7, வெள்ளி

திரும்பவும் 14. காகிதம் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி லேசாகச் சிவந்துவிட்டு நின்றுவிட்டது.

பிப்ரவரி 10, திங்கள்

நான்தான் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கிறேன். தூக்கமில்லாமல் எடை தப்பாகப் போட்டேனா? கரியைப் பழைய பாட்டிலில் வைத்தேனே, அதுவா? அன்றைக்கு டப்பாவை மூடும்போது போன் வந்தது — பாப்பாவுக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கு என்று தேவயானி சொன்னாள் — காய்ச்சல் இல்லை, வெயிலில் விளையாடியிருக்கிறாள், ஆனால் நான் ஒரு கையில் போனோடு மூடியை இறுக்கினேனே. அதுவா?

கரி செத்துவிட்டது என்று முடிவு பண்ணிப் புதுக் கரி செய்தேன். மூன்று நாள் வேலை. சனி, ஞாயிறும் போனேன். ஞாயிற்றுக்கிழமை பாப்பா முதல் தடவை எதையும் பிடிக்காமல் நின்றாளாம். நான் இல்லை.

புதுக் கரிக்கு 13.

சாரிடம் சக்கை வேற ஊர் சார் என்றும் சொல்லிப் பார்த்தேன். "சக்கை எல்லா ஊர்லயும் சக்கைதாம்மா. அதே விதை, அதே பருவம்" என்றார். அதுவும் சரிதானே. அப்படியென்றால் நான்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். லீவு. இவரிடம் கத்திவிட்டேன். எதற்கு என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. கரண்டியைத் தப்பான இடத்தில் வைத்ததற்கு.

"கீதா, கரண்டிக்கா அழுவுற?"

"ஆமாங்க, கரண்டிக்குத்தான்."

"சரி, அழு. நா வேற கரண்டி எடுத்துக்கிறேன்."

அழுதுகொண்டே சிரிப்பும் வந்துவிட்டது. மனுசன் அப்படிப்பட்ட ஆள். ஆனால் பெரிய விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. மார்ச் 14-க்கு அப்புறம் நான் வீட்டிலேயே இருப்பேன் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் நல்லதாப்போச்சு, பாப்பாவைப் பாத்துக்கலாம் என்றுதான் சொல்வார்கள். யாரும் திட்ட மாட்டார்கள். திட்டினாலாவது பதில் சொல்லலாம்.

பிப்ரவரி 13, வியாழன்

சார் கூப்பிட்டுப் பேசினார். "கமிட்டிக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. 60, 61 வந்தது, அப்புறம் 14-ன்னா, முதல்ல வந்ததுதான் தப்போன்னு கேப்பாங்கம்மா."

நான் பொய் சொன்னேன் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அறைக்குள் நின்றுகொண்டிருந்தது. ரெண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

பிப்ரவரி 17, திங்கள்

13. எதற்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 19, புதன்

இன்றைக்கு எவ்வளவு எழுதினாலும் அடங்காது. கை ஓடுகிறது, எழுத்து கோணல், பரவாயில்லை!

காலை ஏழு மணி. நான் அடுப்படியில். வாசலில் அந்தக் கல்லங்குறிச்சி மூட்டை சாய்ந்து கிடந்திருக்கிறது. பாப்பா தவழ்ந்து போய் ஒரு சக்கையை எடுத்து, புதுப் பல் ரெண்டையும் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறாள். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். பார்த்தால் உதட்டில், ஈரமான விரலில், வெள்ளையாக ஒரு மாவு!

பூச்சிமருந்து!

வேறெதுவும் தோன்றவில்லை. வாயைக் கழுவினேன், தண்ணீர் கொடுத்தேன், அவளை உற்று உற்றுப் பார்த்தேன், அவள் சக்கை வேணும் என்று அழுகிறாள். இவரைத் துளைத்து எடுத்துவிட்டேன். "என்னங்க அடிச்சிருக்காங்க இதுல? என்ன மருந்து? பேரைக் கேளுங்க!" இவர் கல்லங்குறிச்சிக்கு போன் போட்டுக் கேட்டார். எதுவும் அடிக்கவில்லையாம். அறுவடை முடிந்த சக்கைக்கு யார் மருந்து அடிப்பார்கள்? எனக்கு நம்பிக்கை இல்லை. பெரம்பலூரில் டாக்டரிடம் காட்டினோம். அவர் வாயைத் திறந்து பார்த்து, "ரெண்டு பல்லும் அழகா இருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்று அனுப்பிவிட்டார். அப்போதும் அடங்கவில்லை. தேவயானியையும் பாப்பாவையும் வீட்டில் விட்டுவிட்டு, அந்தச் சக்கையைப் பாலிதீன் பையில் போட்டுக்கொண்டு லேபுக்கு ஓடினேன். அது என்ன வெள்ளை என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

சக்கையைத் தட்டி வெள்ளையைக் கண்ணாடித் தட்டில் கொட்டினேன். எதில் ஆரம்பிப்பது? கைக்குப் பக்கத்தில் நீர்த்த அமிலம் இருந்தது. ஒரு சொட்டு விட்டேன்.

சுர்ர்ர்...

பொங்கியது! சோடா பாட்டில் திறந்த மாதிரி நுரை! இன்னொரு சொட்டு. மறுபடியும் நுரை. பிளஸ் டூ பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. சுண்ணாம்புக்கல்!

முதலில் 'அப்பாடா, விஷமில்லை' என்று நாற்காலியில் சாய்ந்தேன். சாய்ந்தவள் அப்படியே நிமிர்ந்தேன்.

சுண்ணாம்பு. அமிலத்தைத் தின்கிற சுண்ணாம்பு. என் கரியின் ஒரே சொத்தே அமிலம். ரெண்டு வாரமாக நான் சக்கையோடு சேர்த்துச் சுண்ணாம்பையும் அரைத்துப் போட்டிருக்கிறேன்! கரியின் அமிலத்தையெல்லாம் அது கட்டிப்போட்டுவிட்டிருக்கிறது! எடை தப்பில்லை, பாட்டில் தப்பில்லை, மூடி தப்பில்லை!

இவருக்கு போன் போட்டேன். "ஏங்க, கல்லங்குறிச்சியில சக்கை எங்க கெடந்துச்சு?"

"ரோட்டோரம் குமிச்சுக் கெடந்துச்சு. பாப்பா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. அரும்பாவூர்ல?"

"அங்க மெஷின்லேருந்தே மூட்டையில புடிச்சேன். ஏன்?"

"அந்த ரோட்டுல என்ன வண்டிங்க போவும்?"

"கல்லு லாரிதான். சொரங்கத்துலேருந்து சுண்ணாம்புக்கல்லு ஏத்திக்கிட்டு... நாளெல்லாம் போவும். ஏன் கீதா? அழுவுறியா? சிரிக்கிறியா?"

அரியமுத்து அண்ணனுக்கு அரியலூர் பக்கம்தான். தட்டில் நுரையைக் காட்டினேன். "இதுக்கா இந்தக் குதி? எங்கூட்டுல கீரைய மூணு தண்ணி ஊத்தித்தாம்மா அலசுவோம். லாரி போற ரோட்டு சக்கைய யாராவது அலசாமப் போடுவாங்களா?" என்றார்.

யாராவது போடுவார்களா! நான் போட்டேன் அண்ணே! எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, போட்டேன்!

பிப்ரவரி 21, வெள்ளி

செத்துப்போன கரியைக் குப்பையில் போடவில்லை. எந்தத் தெய்வம் தடுத்ததோ, ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருந்தேன். அதை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவினேன். சுண்ணாம்பு கழன்றால் அமிலம் திரும்பத் தலை தூக்க வேண்டும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

தலை தூக்கியது! அரும்பாவூரிலிருந்து இவர் பைக்கில் போய்க் கொண்டுவந்த ஒரு பை சக்கையோடு போட்டேன். 59!! மூன்றாவது தடவை!

சார் அறையிலிருந்து வெளியே வந்தவள் மாடிப்படியில் ரெண்டு ரெண்டு படியாக இறங்கினேன். பிள்ளை பெற்றவள் இப்படி இறங்கலாமா என்று பாதியில் தோன்றியது. மீதியையும் அப்படியே இறங்கினேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

கல்லங்குறிச்சிச் சக்கையையே அமிலத் தண்ணீரில் அலசி, காயவைத்துப் போட்டேன். 57. அலசாமல் போட்டதற்கு 14. ஒரே மூட்டை!

பாப்பா இன்றைக்கு என் முன்னாலேயே நின்றாள். எண்ணிப் பார்த்தேன், ஆறு நொடி. இது மெஷினில் அளந்ததில்லை.

மார்ச் 5, புதன்

சாருக்கும் எனக்கும் சின்னதாக ஒரு இது. சண்டை என்று சொல்ல முடியாது.

"61, 60, 59. அழகா இருக்கும்மா. அந்தப் பதினாலை எதுக்கு உள்ள வைக்கிற? அலசாமப் போட்டது உன் தப்பு. தப்பைப் போய் யாராவது கமிட்டியில காட்டுவாங்களா?"

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காட்டினால் கேள்வி வரும். கேள்வி வந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் நாளைக்கு யாரோ ஒருத்தர் இதை நம்பி அரியலூரில் பெரிசாக ஆரம்பித்தால்? அவருக்கும் பதினாலுதான் வரும். கரி செத்தது என்று அவரும் கரியைக் கொட்டுவார். ராத்திரியெல்லாம் தன்னையே திட்டிக்கொள்வார், என்னை மாதிரி.

"வச்சுக்கிறேன் சார்" என்றேன். என் குரல்தானா அது?

சார் என் தாள்களை அடுக்கி நீட்டினார். அப்புறம், "அப்ப பதில் தயார் பண்ணிட்டு வா" என்றார்.

மார்ச் 13, வியாழன்

நாளைக்கு. பாப்பாவுக்கு மூக்கு ஒழுகுகிறது. இன்றைக்குத்தான் ஒழுக வேண்டுமா? புடவையா சுடிதாரா? தேவயானி: "எத வேணா கட்டுங்க. சக்கைதான் பேசப்போவுது, சேலையா பேசப்போவுது?"

மார்ச் 14, வெள்ளி

மூன்று பேர். நடுவில் வெளியூரிலிருந்து வந்த ஒரு மேடம். 61, 60, 59 எல்லாம் வேகமாகப் போனது. பதினாலு வந்ததும் மேடம் கையை உயர்த்தினார்.

"இது ஏன் இங்க இருக்கு?"

நாக்கு ஒட்டிக்கொண்டது. உண்மையிலேயே ஒட்டியது. தண்ணீர் குடித்தேன். அப்புறம் சொன்னேன். ரோட்டோரக் குவியல், கல் லாரி, அலசாமல் அரைத்தது, ரெண்டு வாரம், குழந்தையின் உதட்டில் இருந்த வெள்ளை. அதை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன், வாயில் வந்துவிட்டது.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று முதலில் அதைத்தான் கேட்டார். அப்புறம், "சரி. உங்க மாவட்டத்துல பாதிச் சக்கை ரோட்டோரம்தான கெடக்கும்? எல்லாத்துலயும் தூசி இருந்தா உங்க வேலையால யாருக்கு என்ன பிரயோஜனம்?"

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அலசினது 57. செத்த கரி எழுந்து 59.

மேடம் பேனாவை மூடி வைத்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. அப்புறம் என்னிடம்: "அந்த மூணு நல்ல நம்பரை நான் வேற நாலு பேர்கிட்ட பார்த்திருக்கேன். இந்தப் பதினாலை யாரும் காட்டினதில்ல. ஒரு வருஷம் எடுத்துக்குங்க. இதையே தனி அத்தியாயமாப் பண்ணுங்க. ஊர் ஊராச் சக்கை எடுத்து, எங்க கெடந்தது, எந்த ரோடு, எல்லாம் குறிச்சு வைங்க."

சார் பக்கம் திரும்பவே இல்லை நான். திரும்பியிருந்தால் அங்கேயே குதித்திருப்பேன்.

மார்ச் 15, சனி

தூங்கினேன். எட்டு மணி நேரம். பாப்பாவும்.

மார்ச் 22, சனி

தேவயானிக்கு ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேரச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. அவளைத் தூக்கிச் சுற்றினேன். கனம். சுற்றி இறக்கியதும்தான் 'அப்ப பாப்பாவை யார்?' என்று தோன்றியது. இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மெஷின் சீசன் முடிஞ்சிரும்ல. நா வச்சுக்கிறேன்" என்றார்.

"நீங்களா?"

"ஏன், எனக்கு ஊட்டத் தெரியாதா? மெஷினுக்கே தெனம் நாந்தான ஊட்டுறேன்."

மார்ச் 27, வியாழன்

பதினொரு மணிக்கு இவர் ரஞ்சன்குடியிலிருந்து போன் பண்ணினார். பின்னால் மெஷின் சத்தம், அதனால் கத்திப் பேசுகிறார்.

"கீதா, கோட்டைக்குக் கீழ ஒரு சோளக்காட்டுல அடிச்சுக்கிட்டு இருக்கேன். ரோட்டுலேருந்து முந்நூறு அடி உள்ள. எழுதிக்க. சக்கை களத்துல கெடக்கு. எலுமிச்சம்பழம் நறுக்கிப் புழிஞ்சு பாத்துட்டேன், நொரைக்கல."

"எலுமிச்சம்பழமா? அமில பாட்டில் கொடுத்தேனே?"

"அதெல்லாம் வண்டியில வச்சிக்க மாட்டேன். பாப்பா ஏறுற வண்டி."

அதற்குள் அங்கே யாரோ அவரிடம் என்னவோ கேட்கிறார்கள். இவர் சிரிக்கிறார்.

"என்னங்க சொல்றாங்க?"

"காட்டுக்காரரு கேக்குறாரு, மெஷினுக்கு ஏதும் கண்ணு பட்டுருச்சா தம்பி, சக்கைக்கெல்லாம் பழம் புழியிறீங்கன்னு. ஆமாண்ணே, பெரிய கண்ணுன்னு சொல்லிட்டேன். ஒரு மூட்டை போதுமா, ரெண்டு ஏத்தவா?"

ரெண்டு என்றேன்.